கடிதத்தின் முதுகு

நாகலாபுரம்
6.12.2024

மதிப்புக்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு,

கொம்பையா எழுதுவது. கடிதத்தை நலம் என்று தொடங்க வேண்டும் என வகுப்பில் காளீஸ்வரி டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் வாய் நலமாக இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். பொய்யில் தொடங்க வேண்டாம் என்று அந்த வரியை விட்டுவிட்டேன்.

என்னை உங்களுக்கு நினைவு வர வேண்டும். போன மாதம் கோவில்பட்டி முகாமில் என் காதுக்கு முன்னால் விரலை வைத்து, மெல்லத் திறங்க ஐயா என்றீர்கள். ஒன்றரை விரல்தான் திறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பில் பழுது இல்லை, தாடை மூட்டும் அதைச் சுற்றிய தசையும்தான் இறுகிப்போயிருக்கின்றன என்றீர்கள். பிறகு நீங்கள் கோயம்புத்தூருக்கு மாறிப்போனதால், வாரம் ஒரு நாள் போனில் முகம் பார்த்து வைத்தியம் என்று ஏற்பாடானது. அந்தக் கொம்பையாதான் நான்.

போன செவ்வாய்க்கிழமை போனில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று நீங்கள் கேட்டீர்கள். என் மருமகள் பொன்மணி, "எல்லாம் சாப்பிடுதாவ டாக்டர், ஒரு கொறையும் இல்ல" என்றாள். வலி இருக்கிறதா என்று கேட்டீர்கள். "அவியளுக்கு என்னைக்குத்தான் வலிக்கல" என்றாள். நல்ல பிள்ளைதான். ஆனால் எனக்கு மூன்று நாளாகக் கம்பங்கூழைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகவில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். காதோரம் டக்கென்று ஒரு சத்தம். அதோடு வாய் நின்றுவிட்டது.

அப்போது நீங்கள், "ஐயாவுக்கு எழுதத் தெரியுமா?" என்றீர்கள். என் மனைவி வெயிலுகந்தம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அப்படியானால் கடிதமாக எழுதி அனுப்புங்கள் என்றீர்கள்.

அம்மா, எழுபத்தொரு வயதில் இந்தக் கேள்விக்கு முதல் தடவையாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். இதுவரை கேட்ட இடத்தில் எல்லாம் பக்கவாட்டில்தான் ஆட்டியிருக்கிறேன். சித்திரை மாதம் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஆடியில் சிலேட்டை விட்டு நோட்டுக்கு வந்தோம். மார்ச் மாதம் பரீட்சை இருக்கிறது.

கடிதத்தைப் படம் பிடித்து போனில் அனுப்பிவிடலாம் என்றாள் பொன்மணி. அது கடிதத்தின் படம்தானே, கடிதம் இல்லையே. அதனால் தபாலில் போடுகிறேன்.

வலி ஆடி மாதம் தொடங்கியது. இடது காதுக்கு முன்னால் குத்தும். நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறும். மாலையில் அதிகம். கொட்டாவி விடப் பயமாக இருக்கிறது.

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. என்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். அதற்கு இப்போது நன்றி. வாய் சரியானால் அதற்குத் தனியாக நன்றி சொல்வேன்.

இப்படிக்கு
வே. கொம்பையா

(கையெழுத்து நானே போட்டது.)


கோயம்புத்தூர்
13.12.2024

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. என் மேசைக்கு மருந்துக் கம்பெனித் தாள்களும் ரசீதுகளும்தான் வரும். உறையில் என் பெயரைத் தமிழில் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. மூன்று நாள் கூழ் மட்டும் குடித்தீர்கள் என்பது எங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வந்திருக்காது.

பயப்பட வேண்டாம். இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒன்று உருளும். அதுதான் மூட்டு. உங்களுக்கு இடது பக்கம் அது தாமதமாக உருளுகிறது. சுற்றியுள்ள தசை அதை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தசை விட்டால் மூட்டும் வழிக்கு வரும்.

காலையும் மாலையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு கன்னத்திலும் கால் மணி நேரம் வையுங்கள். சூடு தோலைச் சுடக் கூடாது. பிறகு நாக்கின் நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, நாக்கை எடுக்காமல் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு மட்டும் திறந்து மூடுங்கள். ஒரு நேரத்துக்கு ஆறு தடவை. கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். தாடை இடது பக்கம் சாய்ந்து போகிறது, நேராக இறங்க வேண்டும். வலிக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். மற்ற நேரம் முழுவதும் உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் தொடக் கூடாது. சாப்பிடும்போது தவிர, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நாள் முழுக்க ஒரு வேலையும் கிடையாது.

பனங்கிழங்கு, கடலை மிட்டாய், பொரித்த கடலை எதுவும் வேண்டாம். வெற்றிலை இருந்தால் அதுவும் வேண்டாம். குழைந்த சோறு, கூழ், மசித்த பருப்பு போதும். வாய் திறந்தபடியோ மூடியபடியோ அப்படியே மாட்டிக்கொண்டாலும், காய்ச்சலோ வீக்கமோ வந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனித்து எழுதுங்கள். வலி கூடுகிறபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

நம் இலக்கு மூன்று விரல். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக வாய்க்குள் போக வேண்டும்.

அன்புடன்
சபிதா


நாகலாபுரம்
27.12.2024

மதிப்புக்குரிய டாக்டரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் சக்திகுமார் தெருவில் வைத்தே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். நன்றி.

ஆனால் ஒரு வருத்தம். நான் அச்சு எழுத்துதான் படித்திருக்கிறேன். உங்கள் எழுத்து ஈர மண்ணில் ஆடு நடந்த மாதிரி இருக்கிறது. நாலு நாள் படித்தேன். இரண்டு வரிக்குப் பொன்மணியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவளும் ஒரு வரியில் திணறினாள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மூன்று விரல் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் விரல் என்று எழுதவில்லை. என் விரல் மண்வெட்டி பிடித்த விரல். முகாமில் உங்கள் விரலைப் பார்த்தேன். என் இரண்டுக்கு உங்களுடையது மூன்று வரும்.

நீங்கள் சொன்ன பயிற்சி எல்லாம் நடக்கிறது. கண்ணாடியைச் சுவரில் என் உயரத்துக்கு மாட்டியிருக்கிறேன். தாடை கோணாமல் இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக, கண்ணாடி நடுவில் மேலிருந்து கீழாக நூல் ஒன்று கட்டினேன். மூக்கும் நாடியும் நூலில் நிற்க வேண்டும். இப்போது வீட்டில் யாராலும் தலை வார முடியவில்லை என்று சண்டை.

துணி ஒத்தடத்தில் ஒரு சங்கடம் நடந்துவிட்டது. துணியைக் கையில் பிடித்தபடி கால் மணி நேரம் இருப்பது சிரமமாக இருந்தது. அதனால் நாடிக்குக் கீழே கொடுத்து, கன்னம் வழியாகக் கொண்டுபோய் உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சூடு நன்றாக நின்றது. கண்ணை லேசாக மூடிச் சுவரில் சாய்ந்திருந்தேன். அந்த நேரம் எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் வன்னியபெருமாள் மருந்து தெளிப்பான் கேட்டு உள்ளே வந்தார். எங்கள் பக்கம் இப்படித் துணி கட்டுவது செத்தவர்களுக்கு மட்டும்தான். வாய் பிளந்துவிடாமல் இருக்க நாடிக்கட்டு கட்டுவார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "எப்ப முடிஞ்சது மைனி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். வெயிலுகந்தம்மாள், "எது முடிஞ்சது?" என்று வெளியே வந்தாள்.

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்து, "வாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் வாசலைத் தாண்டி விழுந்தார்.

அவள் அன்று முழுக்கத் திட்டினாள். "உசிரோட இருக்கையிலயே நாடிக்கட்டு கட்டிப் பாக்குதியளே, அளவு சரியா இருக்கான்னு பாக்குதியளா? நான் இங்கன எதுக்கு இருக்கேன்?" என்றாள். பிறகு அவளே துணியைப் பிழிந்து தந்தாள். நாடிக்கட்டு மட்டும் கூடாது என்று உத்தரவு.

வலி கூடும்போது என்ன செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்யவில்லை. சும்மாதான் இருந்தேன்.

வாய் ஒரு வாரம் இரண்டு விரல் திறந்தது. பிறகு ஒன்றரைக்கே திரும்பிவிட்டது.

இப்படிக்கு
வே. கொம்பையா


கோயம்புத்தூர்
4.1.2025

அன்புள்ள ஐயாவுக்கு,

இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, பெரிதாக எழுதுகிறேன். சரியாக இருக்கிறதா? விரலுக்கும் பதில்: உங்கள் வாய்க்கு உங்கள் விரல்தான் கணக்கு.

நாடிக்கட்டுக் கதையைப் படித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு ஒரு வரிக்குத் திரும்பிப் போனேன். "கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் என்ன இருந்தது ஐயா?

இரண்டு கையும் சும்மா இருக்கிற மனிதர் துணியைத் தலையில் முடிச்சுப் போட மாட்டார்.

பிறகு இன்னொன்று செய்தேன். உங்கள் கடிதத்தைத் திருப்பி, அதன் முதுகை விரலால் தடவினேன். ஒவ்வொரு எழுத்தும் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடினாலும் வரிகளை எண்ணலாம். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. இவ்வளவு அழுத்துகிற கை தனியாக அழுத்தாது. தோளும் சேர்ந்து அழுத்தும், பல்லும் சேர்ந்து அழுத்தும். ஆடியில் நோட்டுக்கு வந்தீர்கள். ஆடியில்தான் வலியும் வந்தது. படம் பிடித்து அனுப்பியிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது.

எழுதும்போது நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் செய்கிற பயிற்சியை மாலையில் எழுத்து அழித்துவிடுகிறது.

ஆகவே இரண்டு வாரம் எழுத வேண்டாம். வகுப்புக்கும் போக வேண்டாம். எனக்கும் கடிதம் வேண்டாம். போனில் நான் கேட்கிறேன், நீங்கள் தலையை ஆட்டினால் போதும். வலி குறைகிறதா என்று பார்ப்போம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சபிதா


நாகலாபுரம்
22.1.2025

டாக்டரம்மாவுக்கு,

இரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது. அதனால் எழுதுகிறேன். உங்கள் எழுத்து இப்போது தெளிவாக இருக்கிறது. படிக்க இன்னும் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நீங்கள் சொன்னது சரி. எழுதாமல் இருந்ததில் வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இரண்டரை விரல் திறக்கிறது. பொங்கலன்று குழைந்த சோறு ஒரு தட்டு சாப்பிட்டேன்.

கையில் பேனா இருந்தது. ஒத்தடம் வைக்கிற கால் மணி நேரமும் வீணாகப் போக வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த வரியை யோசிக்கக் கண்ணை மூடிய நேரத்தில்தான் வன்னியபெருமாள் வந்தார். வலி எழுத்தால்தான் வருகிறது என்று எனக்கு ஆவணியிலேயே தெரியும். மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்தால் வைத்தியர் முதலில் நுகத்தை அவிழ்த்துவிடத்தான் சொல்வார். நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள் என்று மறைத்தேன். முதல் கடிதத்தில் பொய் வேண்டாம் என்று எழுதிய ஆள், இரண்டாவது கடிதத்தில் பொய் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் வகுப்பில் எல்லோரும் பலகையில் ஆளுக்கொரு வாழ்த்து எழுதினார்கள். நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று வாசித்துவிட்டு வந்தேன். பத்திரகாளி என்கிற அம்மாள் எழுதியதில் ஒரு கொம்பு குறைந்திருந்தது. அதைச் சொல்லாமல் வருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

ஐம்பது வருடமாகக் கட்டைவிரலைக் கொடுத்திருக்கிறேன். விரலைப் பிடித்து மையில் அமுக்குகிறவர்கள் விரலைத்தான் பார்ப்பார்கள். என் முகத்தை யாரும் பார்த்தது இல்லை. போன புரட்டாசியில் ஒரு அலுவலகத்தில் மைப்பெட்டியைத் தள்ளினார்கள். நான் பேனா கேட்டேன். அந்த அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரேஷன் கடையில் மட்டும் இப்போது படித்தவர்களும் விரலைத்தான் வைக்கிறார்கள். அங்கே வரிசையில் நிற்கும்போது எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

ஆகையால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கூழ் குடிக்க ஒன்றரை விரல் போதும். எழுத்தை விட முடியாது. வாய்க்காக நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை நேரத்தை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதை எழுதும்போதே இடது பக்கம் குத்துகிறது.

கொம்பையா


கோயம்புத்தூர்
27.1.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிடுவதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். எதனால் வலி என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அது உங்களுக்கு என்னவென்று கேட்காமல் விட்டுவிட்டேன். எழுதுவதை நிறுத்தச் சொன்னது இரண்டு வாரத்துக்குத்தான். அதற்குப் பிறகு என்ன என்று நான் எழுதவே இல்லை. நீங்கள் என்றைக்குமாக என்று எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை.

நுகத்தை அவிழ்த்துப் போட வேண்டாம். புண்ணில் உரசாத மாதிரி மாற்றிக் கட்டுவோம். செவ்வாய்க்கிழமை நேரம் உங்களுடையதுதான்.

பேனாவில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து, பெருவிரல் பருமன் வருகிற வரைக்கும் சுற்றுங்கள். பருத்த பேனாவை இறுக்கிப் பிடிக்க வேண்டியது இல்லை. அழுத்தாமலே மை இறங்குகிற பேனாவாகப் பொன்மணியை வாங்கி வரச் சொல்லுங்கள். தாளைச் சாய்வான பலகையில் வையுங்கள், தலை குனியக் கூடாது. பத்து நிமிடம் எழுதினால் இரண்டு நிமிடம் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

முக்கியமானது இது. ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்துங்கள். பல்லைப் பிரியுங்கள். மூச்சை விடுங்கள். விட்ட பிறகு வரி ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைத்தால்தான் அடுத்த வரி. உங்கள் கடிதத்தில் எத்தனை வரியோ அத்தனை புள்ளி இருக்க வேண்டும். நான் எண்ணுவேன்.

பழகிப்போனவர்களுக்குத் தாங்கள் பல்லைக் கடிப்பது தெரியாது. எதிரில் யாராவது உட்கார்ந்து கன்னத்தைப் பார்க்க வேண்டும். பெரியம்மா பார்ப்பார்களா?

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்காக எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதும்போது கவனித்தேன். என் பல்லும் இறுகியிருக்கிறது. வைத்தியம் சொல்கிற எனக்கே. இந்தக் கடிதத்தின் ஓரத்தைப் பாருங்கள், நானும் புள்ளி வைத்திருக்கிறேன். இப்போது என்னிடம் தாடை வலி என்று வருகிற எல்லோரிடமும், வலிக்கும்போது உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறேன். ஒருவர் தையல் மிஷின் என்றார். ஒருவர் பேருந்து ஸ்டியரிங் என்றார். இது உங்களிடமிருந்து எனக்கு வந்த கேள்வி.

சபிதா


நாகலாபுரம்
16.2.2025

மகள் சபிதாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை எனக்கு. இரண்டாவது தடவை வெயிலுகந்தம்மாளுக்குச் சத்தமாக. மூன்றாவது தடவை சும்மா. புள்ளிகளை எண்ணினேன். ஒரு வரியில் வைக்கவில்லை. தையல் மிஷின் வருகிற வரி.

எழுத உட்கார்ந்தால் அவள் எதிரில் உட்கார்ந்துவிடுகிறாள். மடியில் பருத்திக் காய். பஞ்சை உருவிக்கொண்டே என் கன்னத்தைப் பார்ப்பாள். நான் பல்லைக் கடித்தால் காதுக்குக் கீழே தசை எழும்பி அசையுமாம். "எலி ஓடுது, எலி ஓடுது" என்பாள். உடனே விட்டுவிட வேண்டும். முதல் வாரம் எலி ஓடாத வரியே இல்லை. "இதென்ன கன்னமா, கம்பு கொட்டி வைக்குத குதிரா?" என்று கேட்டாள். ழ எழுதும்போது மட்டும் இரண்டு எலி ஓடுகிறதாம். வன்னியபெருமாள் வந்தாலும் இப்போது என் கன்னத்தைத்தான் முதலில் பார்க்கிறார். அவருக்கு வேறு காரணம்.

"நீயும் வகுப்புக்கு வாயேன்" என்றேன். "எலி பிடிக்கவே எனக்கு நேரம் பத்தல" என்றாள்.

துணி சுற்றிய பேனா கலப்பை மேழி மாதிரி கைக்கு அடங்குகிறது. பேனா தானாக ஓடுகிறது, நான் கூடப் போகிறேன். இது எனக்குப் புதிது. மண்ணில் எதுவும் அமுக்காமல் இறங்காது என்றே பழகியவன் நான்.

போன புதன்கிழமை ஒரு பயம். வகுப்பில் கொட்டாவி வந்தது. நாக்கை அண்ணத்தில் வைக்க மறந்துவிட்டேன். வாய் திறந்து, மூட வராமல் நின்றது. நிஜமாகவே உயிர் போயிற்று என்று நினைத்தேன். பத்திரகாளி தண்ணீரைக் கொண்டு ஓடி வந்தாள், வாய்க்குள் ஊற்றிவிடுவாளோ என்று அது வேறு பயம். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொன்னார்கள். அது வருவதற்குள் அப்படியே உட்கார்ந்து, தாடையை இழுக்காமல், மூச்சை விட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கி மூடியது. ஆட்டோவைத் திருப்பி அனுப்பாமல் விளாத்திகுளம் போய்க் காட்டிவிட்டுத்தான் வந்தேன். மூட்டு இடத்தில்தான் இருக்கிறது, பயிற்சியைத் தொடரலாம் என்றார்கள். இப்போது கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கையை முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன்.

பரீட்சை மார்ச் பதினாறாம் தேதி. மூன்று மணி நேரம். என்னால் இதுவரை ஒரே மூச்சில் அரை மணிதான் எழுத முடிந்திருக்கிறது. அதை நினைத்தால் எலி ஓடுகிறது.

பெரியப்பா
கொம்பையா


கோயம்புத்தூர்
24.2.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வரி முப்பத்தெட்டு, புள்ளி முப்பத்தேழு. கொட்டாவி வரியில் வைக்கவில்லை. அதை மன்னிக்கலாம். ஆட்டோவை அனுப்பாமல் போய்க் காட்டியதற்கு என் நன்றி. திரும்ப அப்படி ஆனாலும் அதையே செய்யுங்கள்.

மூன்று மணி நேரம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பத்து நிமிடமாகத்தான் அது வரும். தினமும் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். முந்தின நாள் எதுவும் எழுத வேண்டாம். அன்று காலை ஒத்தடம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நாடிக்கட்டு வேண்டாம், வகுப்பில் மற்றவர்கள் பயப்படுவார்கள். ஒரு வரி விட்டுப்போனாலும் பரவாயில்லை, ஒரு புள்ளி விட்டுப்போகக் கூடாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் மாதா கோவிலில் இருப்பேன். உங்கள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்கிறேன்.

சபிதா


நாகலாபுரம்
19.3.2025

மகள் சபிதாவுக்கு,

பரீட்சை எழுதிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாங்கள் இருபத்திரண்டு பேர். பெஞ்சு சின்னப் பிள்ளைகள் உட்காருவது, முழங்கால் நாடியில் இடிக்கிற உயரம். வெயிலுகந்தம்மாளை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அங்கிருந்து என் கன்னம் தெரியும் என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தாள்.

முதலில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறந்தது, வார்த்தை வந்தது. டக் சத்தம் வரவில்லை. அதற்கே வீட்டுக்குப் போயிருப்பேன், பரீட்சை முடிந்ததென்று.

பிறகு உங்கள் ஊரைப் பற்றி ஐந்து வரி எழுதுக என்று இருந்தது. எங்கள் கரிசல் மண் மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும் என்று எழுதினேன். ஐந்து வரிக்கும் ஓரத்தில் ஐந்து புள்ளி வைத்தேன். கண்காணிக்க வந்திருந்த டீச்சர் சுந்தரேஸ்வரி வெளியூர். பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வரிக்கு வரி அடையாளம் போட்டிருக்கீங்க? யாருக்கு சைகை?"

"சைகை இல்ல டீச்சர். பல்ல விடுதேன்."

"என்னது?"

நடந்ததைச் சொன்னேன். எழுதும்போது பல்லைக் கடித்துத் தாடை மாட்டிக்கொண்டது, கோயம்புத்தூரில் என் மகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் புள்ளி வைக்கச் சொன்னாள் என்று. அவர் நம்பவில்லை. விடைத்தாளில் வேறு குறி வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பல்லைக் கடித்துவிட்டேன். வெளியிலிருந்து, "எலி ஓடுது" என்று சத்தம் வந்தது. டீச்சர் சுற்றுமுற்றும் தரையைப் பார்த்தார்.

அப்போது முன்பெஞ்சில் இருந்த பத்திரகாளி திரும்பி, "டீச்சர், அவிய சொல்லுதது நெசந்தான். நானும் பல்லக் கடிச்சுட்டுத்தான் எழுதுதேன். எழுதி முடிச்சா மண்டையெல்லாம் வலி. கண்ணுல கோளாறுன்னு நெனச்சு கண்ணாடில்லா மாத்தினேன்" என்றாள். அதற்குப் பின்னால் இன்னொருவர் எனக்கும் என்றார். இன்னொருவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுந்தரேஸ்வரி டீச்சர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கை அவருடைய தாடைக்கே போயிற்று.

"சரி, புள்ளிய தாள்ல வேண்டாம். நான் சொல்லுறேன்" என்றார். அதற்கப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "எல்லாரும் பல்ல விடுங்க" என்று சொன்னார். இருபத்திரண்டு பேரும் பேனாவை வைத்துவிட்டு மூச்சை விடுவோம். காற்று அடித்த மாதிரி சத்தம் கேட்கும். பிறகு எழுதுவோம். அப்படியே மூன்று மணி நேரமும் போயிற்று.

முடிவு எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது வரட்டும்.

இன்று காலை நூல் கட்டிய கண்ணாடி முன் நின்று பார்த்தேன். தாடை நூலை விட்டு விலகாமல் இறங்கியது. மூன்று விரல் போயிற்று. என் விரல். உன் விரலில் அது நாலரை இருக்கும். வாய் சரியானால் தனியாக நன்றி சொல்வதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். நன்றி என்று எழுதினால் மூன்று எழுத்தோடு முடிந்துவிடுகிறது. என் கணக்கில் அது போதாது.

ஆகையால் நீ இந்தத் தாளைத் திருப்பி, முன்பு செய்த மாதிரி விரலால் தடவிப் பார். ஒன்றும் தட்டுப்படாது. ஓரத்தில் புள்ளியும் வைக்கவில்லை. மறந்துபோய் வைக்காமல் விடவில்லை. எழுதி முடிக்கிற வரை அவள் எதிரில்தான் இருந்தாள், ஒரு எலியும் ஓடவில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது.

அடியில் மட்டும் ஒரு இடத்தில் தாளின் முதுகு கரடாக இருக்கும். கொஞ்சம் கிழிந்தும் இருக்கும். அது நான் எழுதியது இல்லை. பரீட்சை முடிந்து வந்த அன்று, "அந்தப் பேனாவ இங்கன கொடுங்க" என்று வெயிலுகந்தம்மாள் வாங்கிக்கொண்டாள். மூன்று நாளாகத் தன் பெயரை எழுதிப் பழகுகிறாள். நீளமான பெயர். எதிரில் உட்கார்ந்து கன்னத்தைப் பார்ப்பது இப்போது நான். பாதியில் நிறுத்திவிட்டாள். ஏன் என்றேன். "நீங்கதான சொன்னிய, எலி ஓடுதுன்னு" என்கிறாள்.

பெரியப்பா
கொம்பையா

வெயிலு